மேஃப்ளவரில் ஏன் ஏறினார்கள்?

"சார், சரித்திரத்தில் ஏதாவது எழுதிக் கொடுங்க, ஆனால் பாடம் நடத்திடாதீங்க" என்று மலர்க் குழு இளைஞர்கள் கேட்டுக் கொண்டார்கள். பல வருஷப் பழக்கம், லேசில் விடுமா? கொஞ்சம் பொறுத்துக் கொள்ளுங்கள்.

ஐரோப்பியர் ஏன் கடல் கடந்து குடியேறினார்கள் என்ற கேள்விக்கு, சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறி வரும் நோட்ஸில் ஒரே விடைதான்: மத சுதந்திரம். உதாரணம், 1620-இல் மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்கா போன 'பில்கிரிம் ஃபாதர்ஸ்'. ஒருமுறை கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவர் கேட்டார்: "அதுதான் ஹாலந்திலேயே கிடைச்சுடுச்சே சார், அப்புறம் எதுக்குக் கப்பல் ஏறினாங்க?"

அருமையான கேள்வி. இங்கிலாந்தின் அரசாங்கத் திருச்சபையோடு ஒத்துப்போக முடியாத இந்தச் சபையார் முதலில் போன இடம் ஹாலந்து. 1609 முதல் லைடன் நகரில் இருந்தார்கள். அங்கே அவர்கள் வழிபாட்டில் யாரும் தலையிடவில்லை. வயிற்றுப்பாடுதான் பெரும்பாடு. ஊரில் உழவு பார்த்தவர்கள் அங்கே நெசவுக்கும் கம்பளி வேலைக்கும் போனார்கள். பின்னாளில் பிளிமத் குடியேற்றத்தின் கவர்னரான வில்லியம் பிராட்ஃபோர்டே லைடனில் தறி ஓட்டியவர்தான். அவர் எழுதி வைத்த வரலாற்றில் புறப்பட்ட காரணங்களைச் சொல்கிறார்: கடினமான பிழைப்பு, நெருங்கி வரும் முதுமை, வேலைப் பளுவில் சின்ன வயதிலேயே கூன் விழும் பிள்ளைகள், பெற்றோர் பேச்சை மீறிப் பட்டாளத்துக்கும் கப்பலுக்கும் ஓடும் பையன்கள். ஸ்பெயினோடு ஹாலந்து செய்திருந்த 12 வருடப் போர்நிறுத்தம் 1621-இல் முடிய இருந்தது. மதம் பரப்பும் ஆசையையும் அவர் சேர்த்தே சொல்கிறார். அதைப் பொய் என்று நான் தள்ளமாட்டேன். ஆனால் சபையில் பெரும்பாலோர் லைடனிலேயே தங்கிவிட்டார்கள். போதகர் ஜான் ராபின்சன் 1625-இல் அங்கேயே காலமானார்.

கப்பலுக்குப் பணம்? லண்டன் வியாபாரிகள் போட்டார்கள், தர்மத்துக்கு அல்ல. ஏழு வருடம் எல்லோரும் பொதுக்கணக்கில் உழைக்க வேண்டும், முடிவில் லாபத்தைப் பங்கு பிரிக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் சொந்த வேலைக்கு, வீடும் தோட்டமும் பங்கில் சேராது என்று முதலில் பேச்சு இருந்தது. வியாபாரிகள் கடைசி நேரத்தில் இரண்டையும் அடித்துவிட்டார்கள். இவர்கள் கையெழுத்துப் போட மறுத்தார்கள். 'அப்படியானால் உங்கள் பாடு' என்று ஏஜெண்டு தாமஸ் வெஸ்டன் கோபித்துக்கொண்டு போய்விட்டார். துறைமுகத்துச் செலவு ஏறக்குறைய 100 பவுனைக் கட்ட, வழிப்பயணத்துக்கு வைத்திருந்த வெண்ணெயில் 60, 80 சிறு பீப்பாய்களை விற்க வேண்டி வந்தது! அடுத்த வருடம், பாதிப்பேரைப் புதைத்த பிறகு வந்த கடிதத்தில், கப்பலைக் காலியாகவா திருப்பி அனுப்பினீர்கள் என்று வெஸ்டன் குறைபட்டிருந்தார். அப்போதுதான் கையெழுத்துப் போட்டார்கள்.

கப்பலில் போன 102 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் சபையைச் சேர்ந்தவர்களே அல்ல. ஜான் ஆல்டன் பீப்பாய் செய்வதற்காகக் கூலிக்கு எடுக்கப்பட்டவர். விருப்பமிருந்தால் தங்கலாம் என்றார்கள், தங்கிவிட்டார். பிராட்ஃபோர்டின் மனைவி டொரத்தி, சிறு மகனை ஹாலந்தில் விட்டுவிட்டுக் கணவரோடு வந்தவர். கரை கண்ட பிறகு டிசம்பரில் கப்பலிலிருந்து கடலில் விழுந்து இறந்தார். அத்தனை பக்கம் எழுதிய கணவர் அதைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை.

அவர்கள் வீடு கட்டிய இடமும் யாருமில்லாத காடு அல்ல. பட்டுக்செட் என்ற வாம்பனோக் மக்களின் ஊர். 1616-19 கொள்ளைநோயில் ஊரே மாண்டுபோய்க் கிடந்தது.

எனக்கு மறக்க முடியாதவர்கள் அந்தக் கப்பலில் துணையில்லாமல் வந்த மோர் குடும்பத்து நான்கு குழந்தைகள். மூத்தவளுக்கு எட்டு வயது, கடைசிக் குழந்தைக்கு நான்கு. மனைவி மேல் சந்தேகப்பட்டு, 'இவை என் பிள்ளைகள் இல்லை' என்று சாமுவேல் மோர் கப்பலேற்றி அனுப்பிவிட்டார். மூன்று குழந்தைகள் முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. தப்பிய ரிச்சர்டு வளர்ந்து கப்பல் கேப்டனாகி, சேலத்தில் (நம்ம சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம்) அடக்கமானார். அவர் கல்லறைக் கல்லில் பிற்காலத்தில் யாரோ 'மேஃப்ளவர் பில்கிரிம்' என்று பொறித்து வைத்தார்கள்.