ஆப்பிள் மர வேர்ப்பட்டையும் நீரிழிவும்

சில நோய்களின் பெயரே அவற்றின் அடையாளத்தைச் சொல்லிவிடுகிறது. நீரிழிவு என்ற சொல்லில் நீர் மிகுதியாகக் கழிவது இருக்கிறது. மதுமேகம் என்ற சொல்லில் அந்நீரின் இனிப்பு இருக்கிறது. நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதைப் பழைய இந்திய மருத்துவ நூல்கள் குறித்து வைத்தன. ஐரோப்பாவில் 1674-இல் தாமஸ் வில்லிஸ் அந்த இனிப்பைப் பதிவு செய்தார். 1776-இல் மாத்யூ டாப்சன் அது சர்க்கரையே என்று சோதனையால் காட்டினார். சிறுநீரில் சர்க்கரை தோன்றுவது நோயின் முகம் என்பதில் கிழக்கும் மேற்கும் வேறுபட்டதில்லை. ஆனால் இன்றோ, சிறுநீர் வழியே சர்க்கரையை வேண்டுமென்றே வெளியேற்றும் மாத்திரையை நீரிழிவு மருத்துவர்களே எழுதித் தருகிறார்கள். நோயின் அடையாளம் எவ்வாறு மருந்தின் தொழிலாக மாறிற்று? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து சென்றால் நாம் ஓர் ஆப்பிள் மரத்தின் வேரடியில் போய் நிற்கிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வேதியியலாளர்கள் மரப்பட்டைகளைத் தேடித் திரிந்த காலம். 1820-இல் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைன் பிரித்தெடுக்கப்பட்டது. 1828-இல் வில்லோ மரப்பட்டையிலிருந்து சாலிசின். இரண்டும் கசப்பவை, இரண்டும் காய்ச்சலுக்கு உதவியவை. கசக்கும் பட்டையெல்லாம் காய்ச்சலைத் தணிக்கக்கூடும் என்ற நம்பிக்கை அன்று இயல்பாக இருந்தது. பெல்ஜிய வேதியியலாளர் த கோனிங்க்கும், மருத்துவம் படித்து வேதியியலுக்கு வந்த ழான் செர்வே ஸ்டாஸும் 1835-இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ஒரு கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பட்டை, வேர் என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்கு ஃப்ளோரிசின் என்று பெயர் வந்தது. மலேரியாவுக்கு இன்னொரு குயினைன் கிடைத்துவிட்டது என்ற எதிர்பார்ப்பு மட்டும் நிறைவேறவில்லை. த கோனிங்க் பின்னாளில் தொல்லுயிர்ப் படிவ ஆய்வுக்குப் போனார். ஸ்டாஸ் அணு எடைகளைத் துல்லியமாக அளந்து புகழ்பெற்றார்.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஜெர்மானிய மருத்துவர் யோசஃப் ஃபோன் மேரிங் அதே பொருளை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1886-இல் அவர் வெளியிட்ட முடிவு விசித்திரமானது: நாய்களின் சிறுநீரில் சர்க்கரை பெருகிற்று, ஆனால் இரத்தத்தில் சர்க்கரை ஏறவில்லை. மூன்றாண்டுகள் கழித்து, 1889-இல், இதே மேரிங்கும் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கியும் கணையத்தை நீக்கினால் நாய்க்கு நீரிழிவு வருமென்று கண்டறிந்தார்கள். இன்சுலினுக்கு வழிதிறந்த அந்தக் கண்டுபிடிப்பின் வெளிச்சத்தில் முந்தையது மங்கிப் போனது இயற்கையே. ஃப்ளோரிசின் ஆய்வுக்கூடத்தில் செயற்கை நீரிழிவை உண்டாக்கும் கருவியாகவே நெடுங்காலம் வாழ்ந்தது. நோயை வருவிக்கும் பொருள் நோய்க்கு மருந்தாகும் என்று எண்ணிப் பார்க்கக் காரணமே இருக்கவில்லை.

இடையில் சிறுநீரகம் மெல்லப் புரிபடலாயிற்று. ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீர்மத்தைச் சிறுநீரகங்கள் வடிகட்டுகின்றன. அதனுடன் ஏறத்தாழ 180 கிராம் குளுக்கோஸும் இறங்குகிறது. நலமுள்ளவரின் உடல் அதை அநேகமாக முழுவதும் மீட்டுக்கொள்கிறது. அந்த மீட்பை ஃப்ளோரிசின் தடுக்கிறது என்பதை 1933-இல் நியூயார்க்கில் ஹோமர் ஸ்மித்தின் குழு மனிதர்களிடமே காட்டியது. சோடியத்துடன் கைகோத்துத்தான் குளுக்கோஸ் செல்லுக்குள் நுழைகிறது என்ற கருத்தை 1960-இல் பிராக் நகரில் ராபர்ட் கிரேன் முன்வைத்தார். அவ்வாறு கடத்தும் புரதங்களுள் எஸ்ஜிஎல்டி2 என்பதே சிறுநீரகத்தில் மீட்கப்படும் குளுக்கோஸில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று.

திருப்பம் 1987-இல் வந்தது. கணையத்தின் பெரும்பகுதி நீக்கப்பட்டு நீரிழிவுற்ற எலிகளுக்கு ராசெட்டி, டிஃப்ரான்சோ முதலியோர் ஃப்ளோரிசினை ஊசி வழியே செலுத்தினார்கள். இரத்தச் சர்க்கரை இயல்புக்கு வந்தது. அதோடு மழுங்கியிருந்த இன்சுலின் உணர்திறனும் மீண்டது. மருந்தை நிறுத்தியதும் பழைய நிலை திரும்பிற்று. அதாவது மிகைச் சர்க்கரை நோயின் விளைவு மட்டுமல்ல, நோயை வளர்க்கும் நஞ்சும் அதுவே. நூறாண்டுகளாக நோயின் அறிகுறி என்று எண்ணியிருந்த அந்த வாசல், நஞ்சு வெளியேறும் வழியாகவும் இருக்கக்கூடும்!

ஆயினும் பட்டையிலிருந்து எடுத்த பொருளை அப்படியே விழுங்க முடியாது. குடலிலுள்ள நொதி அதைச் சிதைத்துவிடுகிறது. சிதையாத பகுதி குடலில் சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தடுத்து வயிற்றுப்போக்கை உண்டாக்குகிறது. ஜப்பானின் தனாபே நிறுவனம் இதன் திருத்திய வடிவொன்றை 1999-இல் அறிவித்தது. மூலக்கூற்றில் சர்க்கரைப் பகுதியை இணைத்திருந்த ஆக்சிஜன் கண்ணியை அகற்றி, கார்பனோடு நேரடியாகப் பிணைத்தபோது நொதியால் அதை வெட்ட முடியவில்லை. அவ்வழியில் பிறந்த டபாக்ளிஃப்ளோசின் 2012-இல் ஐரோப்பாவிலும், கானாக்ளிஃப்ளோசின் 2013-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றன. பெயரின் ஈற்றிலுள்ள கிளிஃப்ளோசின், பழைய ஃப்ளோரிசினின் வழித்தோன்றல் என்பதற்கான குடும்பப் பெயர்.

எதிர்பாராத பயன் 2015-இல் தெரிந்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் எம்பாக்ளிஃப்ளோசின் இதய, இரத்தநாள நோய்களால் நேரும் மரணத்தை 38 விழுக்காடு குறைத்தது. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் இம்மருந்துகளை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று, அரிதாக உயிருக்கு ஆபத்தான கீட்டோ அமிலமிகை போன்ற தீங்குகளும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. இந்தியாவில் டபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை 2020-இலும் எம்பாக்ளிஃப்ளோசினுடையது 2025-இலும் முடிந்து விலை இறங்கியபோதுதான் அவை பலருடைய கைக்கெட்டின.

வேங்கை மரக் குவளையில் ஊறிய நீரையும் நாவல் கொட்டைப் பொடியையும் நம்பும் சமூகம் நம்முடையது. இந்த வரலாற்றை அத்தகைய நம்பிக்கைக்குச் சான்றாகக் காட்டச் சிலர் விரும்பக்கூடும். அதை எள்ளி நகையாட வேறு சிலர் விரும்பக்கூடும். இருவருக்கும் இது இடங்கொடுக்கவில்லை. மரத்தில் மருந்து இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பட்டையைக் காய்ச்சிக் குடித்த எவருக்கும் நீரிழிவு தணிந்திராது. மரம் தந்தது ஒரு குறிப்பு. அதைப் படித்து முடிக்க 177 ஆண்டுகளும், எண்ணற்ற நாய்களும் எலிகளும், தம் உடலைச் சோதனைக்குத் தந்த ஆயிரக்கணக்கான மனிதர்களும் தேவைப்பட்டார்கள். இன்சுலினை நிறுத்திவிட்டுப் பட்டைக் கஷாயத்தில் உயிரை ஒப்படைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். குறிப்புக்கும் மருந்துக்கும் இடையிலுள்ள அந்தத் தூரத்தை அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்வது நம் கடன்.