தட்டச்சுப் பொறியிலிருந்து கணினிக்கு: ஒரு சயான்வாசியின் குறிப்புகள்

1968-ல் டைப் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்த சான்றிதழோடு பம்பாயில் வந்து இறங்கியவன் நான். அந்நாளில் இங்கு வந்த நம்மவர் பலருக்கும் அந்தக் காகிதம்தான் சொத்து. ‘ஆபீஸ் வேலையெல்லாம் தெற்கத்திக்காரன் கைக்குப் போகிறது’ என்ற கோபக் குரல் 1966-ல் சிவசேனை தோன்றியது முதல் ஊரெங்கும் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கிடையிலும் நமக்குச் சோறு போட்டவை நம் பத்து விரல்கள்.

நாம் தட்டச்சு செய்துகொண்டிருந்த இதே ஊரில்தான் இந்தியக் கணினியின் வரலாறும் தொடங்கிற்று என்பது பலருக்குத் தெரியாது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான ‘டிஃப்ராக்’ என்னும் கணினி 1960-ல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. 1962-ல் அதற்கு அப்பெயரைச் சூட்டியவர் பிரதமர் நேரு. அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்து கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஆர். நரசிம்மன். அறை நிறைய வெற்றிடக் குழாய்கள். ஆனால் நினைவகமோ 40 பிட் கொண்ட 2048 சொற்கள், அதாவது சுமார் 10 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அதில் அடங்காது.

கணினி எங்கள் வங்கி மேசைக்கு வர வெகுகாலம் ஆயிற்று. வேலை போய்விடும் என்ற அச்சமே காரணம். 1983-ல் வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1984-ல் ரங்கராஜன் குழு வழி வகுத்துக் கொடுத்தது. கடைசியில், 2001 ஜனவரிக்குள் 70 விழுக்காடு வணிகம் கணினிக்கு மாற வேண்டும் என்று, அப்போதைய மத்திய கண்காணிப்பு ஆணையர் என். விட்டல் உத்தரவிட்டார். விருப்ப ஓய்வுத் திட்டமும் கூடவே வந்தது. கற்றுக்கொள் அல்லது வீட்டுக்குப் போ என்பதுதான் எனக்குப் புரிந்த பொருள்.

1999-ல், 52 வயதில், சயான் ஸ்டேஷன் அருகே ஒரு வகுப்பில் சேர்ந்தேன். பக்கத்து நாற்காலியில் பத்தாம் வகுப்புப் பையன். விசைப்பலகையைப் பார்த்ததும் உயிர் வந்தது. பழைய ரெமிங்டனின் அதே எழுத்து வரிசை! ஆனால் பழகிய விரல்களே காலை வாரின. ஒவ்வொரு வரி முடிவிலும் ‘எண்டர்’ தட்டினேன். பத்தியெல்லாம் துண்டு துண்டாயிற்று. பழைய பொறிகள் பலவற்றில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனி விசை கிடையாது. சின்ன ‘எல்’ எழுத்தையே அடிப்போம். அந்தப் பழக்கத்தில் கணக்குத் தாளை நிரப்பினேன். கூட்டுத்தொகை வரவே இல்லை. வீட்டில் என் மகள்தான் பார்த்துச் சொன்னாள்: “அப்பா, இது ஒண்ணு இல்லப்பா, எல்லு! கண்ணுக்கு ஒண்ணாத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது.”

மௌஸ் பிடிக்க அவள் சொன்ன வழி சீட்டாட்டம். விண்டோஸில் இருந்த சாலிடேரில் சீட்டை இழுத்து இழுத்துப் போட, இரண்டே வாரத்தில் கை நடுக்கம் நின்றது. தப்பு அடித்தால் கார்பன் பிரதிகள் எல்லாவற்றிலும் ரப்பர் தேய்த்த எனக்கு, ஒரு விசையில் பிழை மறைந்தது பெரிய விடுதலை.

அதே 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு நடந்தது. ‘தமிழ் 99’ விசைப்பலகையைத் தமிழக அரசு ஏற்றது அதன் பயனாக. இடப்புறம் உயிர், வலப்புறம் மெய். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் தெரிந்தால் 247 எழுத்தும் வந்துவிடும். ‘க’வை இருமுறை தட்டினால் புள்ளியும் தானே விழுந்து ‘க்க’ ஆகும். பின்னர் யூனிகோடு பரவியதும், அனுப்பிய தமிழ் அடுத்தவர் திரையில் கட்டங்கட்டமாகத் தெரிந்த தொல்லையும் பெரும்பாலும் நீங்கியது.

இன்று என் பேத்தி செம்பூரில் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத வராது. போன தீபாவளிக்கு என் பக்கத்தில் அமர்த்தி, இடக்கையில் உயிர், வலக்கையில் மெய் என்று விரல் வைத்துக் காட்டினேன். ஒரு மணி நேரத்தில் தன் பெயரை அடித்துவிட்டு, “தாத்தா, இது நானா!” என்றாள். மகள் எனக்குக் கற்றுக் கொடுத்த கடன் அன்று தீர்ந்தது.

சங்கத்துப் பெரியவர்களே, வயதாகிவிட்டது என்று ஒதுங்காதீர்கள். நாம் கற்றால்தான் நம் பிள்ளைகளின் விரலுக்குத் தமிழ் போய்ச் சேரும்.