சித்திரப் படங்களும் இனக் காழ்ப்பும்

சொல்லக் கருதிய பொருளை வெளிப்படக் கூறாது, அதனை ஒத்த பிறிதொன்றைக் கூறி, அதன் வாயிலாகக் கருதியதை உணரவைக்கும் முறையைத் தமிழ் அணியிலக்கணம் பிறிதுமொழிதல் என்னும். தண்டியலங்காரம் இதனை ஒட்டணி என வழங்கும். நரியும் முயலும் காக்கையும் பேசும் கதைகள் பல நாடுகளிலும் இம்முறை பற்றியே எழுந்தன. இருபதாம் நூற்றாண்டில் இம்முறையைக் கோடிக்கணக்கான சிறுவரிடம் கொண்டுசென்ற கருவி, சித்திரங்களை அசையச் செய்து ஆக்கப்படும் திரைப்படமாகும். அமெரிக்காவில் அக்கலை வளர்ந்த வரலாற்றை நோக்கின், பிறிதுமொழிதல் இனக் காழ்ப்பைக் களையவும் பயன்பட்டது, அதனை வளர்க்கவும் பயன்பட்டது என்பது புலனாகும். எத்தகைய உவமை எதனைச் செய்தது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

1933ஆம் ஆண்டில் வால்ற் டிஸ்னியின் நிலையம் 'மூன்று பன்றிக்குட்டிகள்' என்னும் குறும்படத்தை வெளியிட்டது. பன்றிகளை ஏமாற்றிக் கதவைத் திறப்பிக்க முயலும் ஓநாய், ஒரு காட்சியில் யூத வியாபாரியாக வேடம் பூண்டு வருகின்றது. ஹிட்லர் ஜேர்மனியில் ஆட்சிக்கு வந்ததும் அதே ஆண்டிலேயாம். யூதர் வஞ்சகர் என்று அப்படத்தில் எவரும் உரைக்கவில்லை. உரைக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஓநாயின் வேடமே அதனை உரைத்துவிட்டது. அக்காட்சி பின்னாளில் மாற்றி வரையப்பட்டது.

1941இல் வெளிவந்த 'டம்போ' இன்னும் நுணுகி நோக்கற்பாலது. பெருஞ்செவியோடு பிறந்த யானைக்கன்று ஒன்றை ஏனைய யானைகள் எள்ளி ஒதுக்குகின்றன. முடிவில் எள்ளப்பட்ட செவிகளே அதற்குச் சிறகாகின்றன. பிறப்பில் அமைந்த வேற்றுமைக்காக எவரையும் இகழலாகாது என்னும் அறத்தை இதனினும் எளிதாகச் சிறுவர்க்கு உணர்த்தல் அரிது. எனினும், அதே படத்தில் வரும் காக்கைகள் கறுப்பினத்தவரின் பேச்சையும் நடையையும் நகைப்புக்கு உரியனவாக்கிக் காட்டுகின்றன. படத் தயாரிப்பின்போது அவற்றின் தலைவனுக்கு இடப்பட்ட பெயர் ஜிம் குரோ. தென் மாநிலங்களில் கறுப்பினத்தவரைப் பிரித்துவைத்த சட்டங்களுக்கு வழங்கிய பெயரும் அதுவே. அக்காக்கைக்குக் குரல் கொடுத்தவரோ வெள்ளையர். அக்காக்கைகளே யானைக்கன்றுக்கு உதவி புரிகின்றன என்பதும் உண்மை. ஆயின் உதவி செய்பவரையும் நகைப்புப் பொருளாகவே அக்காலம் கண்டது. இகழப்பட்ட யானைக்காக இரங்கும் ஒருவர், இகழப்பட்ட மனிதரைக் காணாதிருத்தல் கூடும் என்பதற்கு இப்படம் சான்றாகும். 2020இல் டிஸ்னி நிறுவனம் தன் இணையவழித் திரைச் சேவையில் இதற்கும் வேறு சில பழைய படங்களுக்கும் முன்னால், இவற்றில் மக்களைத் தவறாகச் சித்திரிக்கும் பகுதிகள் உள என்ற அறிவிப்பைச் சேர்த்தது.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில் வேறொரு முயற்சி தோன்றியது. கொலம்பியாப் பல்கலைக்கழக மானிடவியலாளரான றூத் பெனடிக்ற், ஜீன் வெல்ற்ஃபிஷ் ஆகிய இரு பெண்மணிகள் 1943இல் 'மனிதகுலத்தின் இனங்கள்' என்னும் சிறுநூலை எழுதினர். இனங்களிடையே பிறவியறிவில் உயர்வு தாழ்வு இல்லை என்பது அதன் முடிபு. முதலாம் உலகப் போர்க்கால இராணுவ அறிவுச் சோதனைகளில் வட மாநிலங்கள் சிலவற்றின் கறுப்பினத்தவர், தென் மாநிலங்கள் சிலவற்றின் வெள்ளையரை விஞ்சினர் என்று அந்நூல் எடுத்துக்காட்டியது. அமெரிக்கக் காங்கிரசில் எதிர்ப்பு எழவே, 1944இல் இராணுவம் அந்நூலைப் போர்வீரரிடையே பரப்புவதைக் கைவிட்டது. அந்நூலைத் தழுவி, மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தின் ஆதரவில் றொபேட் கனன் 1945-46 காலத்தில் இயக்கிய சித்திரப் படமே 'மனித சகோதரத்துவம்'. அதில் விலங்குகள் இல்லை. மனிதர் மனிதராகவே வருகின்றனர். ஒவ்வொருவரின் உள்ளேயும் ஒளிந்திருக்கும் ஐயமும் அச்சமும் மட்டும் ஒரு பச்சை உருவமாக வெளிப்படுகின்றன. இரத்த வகைகள் எல்லா இனத்தாருக்கும் பொதுவானவை என்ற அறிவியல் உண்மையை அது நேரடியாகவே கூறியது.

நேரடியாகக் கூறியோரின் பின்னாள் வாழ்வு எளிதாய் அமையவில்லை. அப்படத்தின் எழுத்தாளருள் ஒருவரான றிங் லாட்னர், காங்கிரஸ் விசாரணைக் குழுவுக்கு விடையளிக்க மறுத்தமைக்காக 1950இல் சிறை சென்றார். மற்றொருவரான ஜோன் ஹப்லி 1952இல் தம் நிலையத்தை விட்டு நீங்க நேர்ந்தது. வெல்ற்ஃபிஷ் 1953இல் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். அவர்கள்மீது எழுந்த ஐயம் பொதுவுடைமைத் தொடர்பு பற்றியது; படம் ஒன்றே காரணமெனக் கூறலாகாது. எனினும் இன சமத்துவம் பற்றி வெளிப்படையாகப் பேசுவோர் ஐயத்துக்கு ஆளான காலம் அது. அத்தகைய காலத்தில் விலங்குக் கதை ஒரு காப்பாகவும் அமையும்.

அக்காப்பைத் திறம்படக் கையாண்டவர் டொக்டர் சூஸ் என்னும் புனைபெயருடைய தியோடர் கெய்சல். இவரே 1942இல் அமெரிக்கவாழ் யப்பானியர் அனைவரையும் துரோகிகளாகக் காட்டும் கேலிச்சித்திரம் வரைந்தவர். 1954இல் இவர் எழுதிய ஹோட்டன் என்னும் யானையின் கதையோ, ஒரு யப்பானிய நண்பருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. 1961இல் நூலாகவும் 1973இல் தொலைக்காட்சிச் சித்திரப் படமாகவும் வெளிவந்த 'ஸ்நீச்சுகள்' என்னும் கதையில், வயிற்றில் விண்மீன் உடையன இல்லாதனவற்றை இழிவாக நடத்துகின்றன. வணிகன் ஒருவன் வந்து, காசு பெற்று விண்மீன் பொறிக்கின்றான். பின்னர் அதனினும் மிகுந்த காசு பெற்று அதனை அழிக்கின்றான். ஈற்றில் எது எக்கூட்டம் என்று எவருக்கும் தெரியவில்லை. வணிகன் செல்வத்தோடு செல்கின்றான். இவ்வுவமை பழுதற்றது. வேற்றுமை இயற்கையன்று, இட்ட குறியே என்பதும், அக்குறியால் ஆதாயம் பெறுவோர் உளர் என்பதும் அதில் ஒருங்கே விளங்குகின்றன.

ஏனைய விலங்குக் கதைகளுக்கு இவ்வாய்ப்பு எளிதில் கிட்டுவதில்லை. 1986இல் டொன் புளூத் இயக்கிய 'ஓர் அமெரிக்கக் கதை' என்னும் படத்தில், உருசியாவில் வாழும் யூதர் எலிகளாகவும், அவரைத் தாக்கும் கொசாக்கியர் பூனைகளாகவும் வருகின்றனர். அமெரிக்காவில் பூனைகளே இல்லை என நம்பிக் கப்பலேறும் எலிகள், அங்கும் பூனைகளைக் காண்கின்றன. குடிபெயர்ந்தோர் வரலாற்றுக்கு இது பொருந்தும். ஆயினும் பூனை எலியைக் கொல்வது இயற்கை. ஒரு மக்கட் கூட்டம் இன்னொன்றைக் கொல்வது இயற்கையன்று, தெரிந்து செய்யும் தீவினை. கொடுமையை இயற்கையாக்கினால் கொடியவனின் பொறுப்பு குறைந்துவிடும். இக்குறையை உணர்ந்தே போலும், எலிக்கு நண்பனாகும் ஊனுண்ணாப் பூனை ஒன்றும் கதையில் இடம்பெறுகின்றது.

இச்சிக்கலை முழுவதும் எதிர்கொண்ட படம் 2016இல் வெளிவந்து, அடுத்த ஆண்டில் ஒஸ்கார் விருது பெற்ற 'ஸூட்டோப்பியா' ஆகும். ஊனுண்ணிகளும் தாவரவுண்ணிகளும் ஒருங்கு வாழும் நகரில், ஜூடி என்னும் முயல் காவலராகின்றாள். நிக் என்னும் நரிக்கு இனிப்புக் கடையில் பண்டம் விற்க மறுக்கப்படுகின்றது. 1960இல் கிறீன்ஸ்பரோ நகர உணவுச்சாலையில் கறுப்பின மாணவர் நால்வர்க்கு உணவு மறுக்கப்பட்ட வரலாற்றை அறிந்தோர் இக்காட்சியின் பொருளை எளிதில் உணர்வர். காழ்ப்பை எதிர்க்கப் புறப்பட்ட ஜூடியே, ஊனுண்ணிகள் பிறவிக்குணத்துக்குத் திரும்புகின்றன போலும் என்று பலர்முன் கூறி நகரெங்கும் அச்சத்தை விளைக்கின்றாள். நல்லோர் உள்ளத்திலும் தப்பெண்ணம் உறையும் எனக் காட்டியமை இப்படத்தின் தனிச்சிறப்பு. ஆயின் அந்நகரின் முன்னோருள் நரி முயலைத் தின்றது உண்மை. மனித இனங்களிடையே அத்தகைய பிறவிப்பகை எதுவும் இல்லை. காழ்ப்புக்கு மெய்யான அடிப்படை ஒன்று இருந்தது என்று சிறுவன் எண்ண இடமுண்டு. இதற்குப் படம் தரும் விடை, வெறிக்குக் காரணம் குருதியன்று, ஒரு மலரின் நஞ்சு என்பதாம். அம்மலரை உண்ட முயலும் வெறிகொண்டு கடித்ததாகக் கதை கூறுகின்றது. அச்சத்தால் ஆட்சியைப் பற்ற விரும்பிய துணை நகரபிதாவாகிய செம்மறியே நஞ்சை ஏவியவள். ஆக, ஸ்நீச்சுகளின் கதையில் வணிகன் வகித்த இடத்தை இங்கு அரசியலாளர் வகிக்கின்றார்.

2023இல் கொரியக் குடியேறிகளின் மகனான பீற்றர் சோன் இயக்கிய 'எலிமென்டல்' என்னும் படத்தில், இனங்கள் தீயும் நீருமாக உருவகிக்கப்பட்டன. குடியேறிய பெற்றோரின் உழைப்பையும் மகளின் கடப்பாட்டையும் அது நெகிழ்வுறக் காட்டிற்று. எனினும் தீ மெய்யாகவே சுடும். அதற்கு அஞ்சுதல் தப்பெண்ணம் ஆகாது. பழைய சிக்கல் புதுவடிவில் மீண்டது.

இவ்வரலாற்றால் பெறப்படுவது ஒன்று. பிறிதுமொழிதல் இரக்கத்தைப் பிறப்பிக்க வல்லது. மாற்றாரையும் தன் வாயிலில் நிறுத்தாது உள்ளே அழைத்துக் கதை கேட்கச் செய்யும். ஆயின் உவமையின் வேற்றுமை பிறப்பில் வேரூன்றியதாயின், அது கண்டிக்கப் புகுந்த காழ்ப்புக்கே சான்று கூறும். இட்ட குறியாயின், காழ்ப்பின் பொய்ம்மை தானே வெளிப்படும். ஆதலின் படம் முடிந்தபின் ஆசிரியரும் பெற்றோரும் சிறுவரிடம் வினவவேண்டிய வினாக்கள் இரண்டு: இக்கதையில் அச்சத்தால் ஆதாயம் பெற்றவர் யார்? நரிக்கும் முயலுக்கும் உள்ள வேற்றுமை மனிதரிடையே உண்டா? இரண்டாம் வினாவுக்குரிய விடையை விலங்குகள் கூறமாட்டா. அதனை 'மனித சகோதரத்துவம்' கூறியதுபோல மனிதரே மனிதர்க்கு நேராகக் கூறல் வேண்டும்.