எண் வடிவக் குறிப்பான்

எண் வடிவக் குறிப்பான் என்பது, கணினி நினைவகத்தில் உள்ள ஓர் எண்ணை எவ்வுருவில் வெளியிட வேண்டும் என நிரலுக்கு அறிவிக்கும் குறியீடு ஆகும். சி நிரலாக்க மொழியின் பிரின்ட்எஃப் என்னும் செயற்கூறில் இது விழுக்காட்டுக் குறியுடன் (%) தொடங்கும். முழு எண்ணுக்கு டி, பதின்மப் புள்ளி எண்ணுக்கு எஃப் ஆகிய எழுத்துகள் அதன்பின் வரும். இடையில் .2 என இட்டால் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள் அச்சாகும்.

தரவு வகை

குறிப்பான் தரவு வகையுடன் பொருந்தாவிடின் சி மொழியின் சீர்தரப்படி விளைவு வரையறுக்கப்படாதது ஆகும். 32 பிட்டு முழு எண்ணின் மேல் எல்லை 2,14,74,83,647. முந்நூறு கோடி என்னும் தொகை 64 பிட்டு மாறியில் பிழையின்றி இருப்பினும், அதனை வெறும் டி கொண்டு அச்சிட்டால் பெரும்பாலும் -1294967296 என வெளிப்படும். நிரல் நிற்காது, கணக்கு மட்டும் பொய்யாகும். இங்கு எல்எல்டி என்னும் குறிப்பான் தேவை. ஜிசிசி முதலிய தொகுப்பிகள் இத்தகைய பொருத்தமின்மையை எச்சரிக்கும். அவ்வெச்சரிக்கையை முடக்கி வைத்தல் தகாது.

எஃப் குறிப்பானும் முற்றிலும் நம்பத்தக்கதன்று. 2.675 என்பதை ஈரிலக்கமாகச் சுருக்கினால் 2.68க்கு மாறாக 2.67 கிடைக்கும். அவ்வெண் இரும முறையில் சற்றுக் குறைவாகவே சேமிக்கப்படுவது இதற்குக் காரணம். எனவே பணத்தைப் பைசாக் கணக்கில் முழு எண்ணாக வைப்பது வழக்கம்.

இலக்கக் குழுவாக்கம்

இந்திய முறையில் வலப்புறம் மூன்று இலக்கங்களும், அதன்பின் இரண்டிரண்டாகவும் பிரிக்கப்படும் (12,34,567). யூனிகோடு அமைப்பின் பொது வட்டாரத் தரவுக் களஞ்சியம் தமிழுக்கு வகுத்துள்ள வடிவம் #,##,##0.### என்பதாகும். தெலுங்குக்கும் இதே வடிவமே. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரப் பிரதேசத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்த திருத்தணியில் ஒரு பற்றுச்சீட்டைத் தமிழில் அச்சிட்டாலும் தெலுங்கில் அச்சிட்டாலும் காற்புள்ளியின் இடம் மாறாது. ஆனால் சிங்கப்பூர், மலேசியத் தமிழுக்கு அக்களஞ்சியம் #,##0.### எனக் கொள்கின்றது. அங்கு அதே எண் 1,234,567 ஆகும். ஆகவே மொழியை மட்டும் குறிப்பிடுவது போதாது, நாட்டையும் குறிப்பிடல் வேண்டும்.

இவ்வடிவத்தை எல்லா மொழிகளும் ஒரே வகையில் பொருள் கொள்வதில்லை. ஜாவாவின் டெசிமல்ஃபார்மட் வகுப்பு கடைசிக் குழுவின் அளவை மட்டுமே கருதும். #,##,##0 என எழுதினாலும் மும்மூன்றாகவே பிரிக்கும். ஐசியு நூலகத்தின் அதே பெயருடைய வகுப்போ இரண்டாம் குழு அளவையும் ஏற்கும். பைத்தான் 2009இல் ஏற்ற காற்புள்ளிக் குறிப்பான் எப்போதும் மும்மூன்றாகவே பிரிக்கும். பிரின்ட்எஃப்பில் ஒற்றை மேற்கோள் குறி (') இட்டு வட்டார அமைப்பின்படி பிரிக்கலாம். இது யுனிக்சு வழிவந்த வசதி. சி மொழிச் சீர்தரத்தில் இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் 2012இல் வெளியான பன்னாட்டுமயமாக்க இடைமுகம் இந்தியத் தமிழ் அமைப்பைத் தெரிவு செய்தால் இலட்சம், கோடி முறையில் பிரித்துத் தரும்.

தமிழ் எண்கள்

தமிழ் எண்களை அச்சிட இரு முறைகள் உள்ளன. திருத்தணி முருகன் கோயிலின் 365 படிகளை மரபு முறையில் ௩௱௬௰௫ எனவும், இடமதிப்பு முறையில் ௩௬௫ எனவும் எழுதலாம். முன்னதில் நூறுக்கும் பத்துக்கும் தனிக்குறிகள் உண்டு, சுழியம் இல்லை. ஒவ்வோர் இலக்கத்திற்கும் நேரான தமிழ் இலக்கத்தை இடும் எளிய நிரல் பின்னதை மட்டுமே தரும். அதற்கு வேண்டிய தமிழ்ச் சுழியம் (௦) யூனிகோடு 4.1 பதிப்பில், 2005இல்தான் சேர்க்கப்பட்டது. களஞ்சியம் இவ்விரண்டையும் தனித்தனி எண் முறைமைகளாகவே பதிந்துள்ளது. எதனையும் தெரிவு செய்யாவிடின் தமிழுக்கு 0 முதல் 9 வரையிலான பன்னாட்டு இலக்கங்களே வெளியாகும்.