பிரேதப் பரிசோதனைக் கணக்கும் நிப்பா நோயும்

மருத்துவமனையில் மாண்டோருள் நூற்றுக்கு எத்தனை பேர் பிரேதப் பரிசோதனைக்கு உட்பட்டனர் என்பதே பரிசோதனை விகிதம். போலீசார் கோரும் பரிசோதனைகளையும் அதில் சேர்த்தால் கணக்குப் பெருக்கும்; நோயறிவு பெருகாது.

1998-இல் நம் நாட்டுப் பன்றிப் பண்ணையாளரிடையே மூளைக் காய்ச்சல் பரவியது. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றெண்ணிக் கொசுவுக்கு மருந்தடித்தனர். அக்காய்ச்சல் பெரிதும் சிறுவரையன்றோ தாக்கும்? இங்கு மாண்டவரோ பெரும்பாலும் வளர்ந்த ஆடவர். 1999 மார்ச்சில், கம்போங் மேடானுக்கு அண்மையிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கா பிங் புதிய கிருமியொன்றைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு வாய்த்தது.

மலேசியாவில் 105 பேர் இறந்தனர். 2002-இல் வெளியான ஆய்வு, மாண்ட 32 பேரின் பரிசோதனையை விவரித்தது; ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது! சடலத்தை விரைவில் வீடு சேர்க்கத் துடிக்கும் நம் குடும்பங்களை நினைத்தால் இது சிறு தொகையன்று. மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அழன்று அடைபட்டிருந்ததை அவ்வுடல்களே காட்டின.