பாங் செய்த ஆல் அல்கார்ன்

வீடியோ கேம் வரலாறு என்றால் அடாரி, அடாரி என்றால் நோலன் புஷ்னெல் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் 'பாங்' விளையாட்டைக் கையால் கட்டியவர் ஆல் அல்கார்ன். பெர்க்லியில் படித்த எஞ்சினியர். 1972-ல் ஆம்பெக்ஸ் கம்பெனி வேலையை விட்டு அடாரிக்கு வந்தபோது அவருக்கு வயது 24.

வந்தவுடன் புஷ்னெல் ஒரு பொய் சொன்னார். ஜெனரல் எலக்ட்ரிக்கிடம் கான்ட்ராக்ட் வாங்கியாச்சு, வீட்டில் விளையாட மலிவாக ஒரு பிங்பாங் கேம் வேண்டும் என்று. கான்ட்ராக்டே கிடையாது! புது ஆள் கை பழகுவதற்கான பயிற்சி அது. அல்கார்ன் அதை நம்பி, செலவைக் குறைக்கப் போராடினார்.

ஐடியாவும் புதுசில்லை. அதே வருடம் மேக்னவாக்ஸ் ஒடிஸியின் டேபிள் டென்னிஸை புஷ்னெல் பார்த்திருந்தார். பின்னால் மேக்னவாக்ஸ் கேஸ் போட, 1976-ல் அடாரி பணம் கட்டி லைசென்ஸ் வாங்கியது. அப்போ அல்கார்ன் செய்தது வெறும் காப்பியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மட்டையை எட்டுப் பகுதியாகப் பிரித்து, பந்து எதில் படுகிறதோ அதற்கேற்ற கோணத்தில் திரும்பும்படி செய்தார். ஆட்டம் நீள நீளப் பந்தின் வேகம் கூடும். மைக்ரோபிராசஸர் கிடையாது, புரோகிராம் ஒரு வரிகூடக் கிடையாது. எல்லாம் லாஜிக் சிப்கள்தான். மட்டை திரையின் உச்சிவரை போகாத ஒரு குறை இருந்தது. அதைச் சரிசெய்யாமலே விட்டார். இல்லையென்றால் கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் ஆட்டம் முடியவே முடியாது!

சன்னிவேலில் ஆண்டி கேப்ஸ் என்ற பாரில் மெஷினை வைத்தார்கள். கொஞ்ச நாளில் ரிப்பேர் என்று போன். அல்கார்ன் போய்த் திறந்தால், காசு நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் மார்க்கெட் ரிசர்ச் என்று பக்கம் பக்கமாகப் படிக்கிறோம் :-)

1975-ல் வீட்டுப் பாங் வந்தது. அந்தப் பொய் கான்ட்ராக்டில் கேட்ட அதே பொருளை, ஹரால்டு லீ, பாப் பிரவுன் இருவரோடும் சேர்ந்து ஒரே சிப்பில் நிஜமாகவே செய்துவிட்டார். சியர்ஸ் 1,50,000 வாங்கியது. மறுவருடம் வார்னர் 2.8 கோடி டாலருக்கு அடாரியையே வாங்கியது.

பிறகு 'காஸ்மோஸ்' என்ற ஹோலோகிராம் விளையாட்டுச் சாதனம். தயாராகியும் அடாரி கடைக்கு அனுப்பவில்லை. 1981-ல் அல்கார்ன் வெளியேறினார். சிலிக்கான் வேலியில் புதிதாகத் தொடங்கும் கம்பெனிகளுக்கு ஆலோசகரானார். 1986-ல் ஆப்பிள் ஃபெல்லோ. அதன்பின் கம்ப்யூட்டரோடு இணையும் பொம்மைகள் செய்த 'சோவி' கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதை 2000-ல் லெகோ வாங்கியது.