காட்டோரத்துக் குடிசைகள்

கோலசிலாங்கூர்க் கழிமுகத்திலிருந்து கிழக்கே, இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை வரையிலும், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பருக்காகக் காடு திருத்தப்பட்ட காலத்தில், நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த நம்மவர் பலருக்கு முதலில் கிடைத்த இருப்பிடம், காட்டுக்கம்பு நட்டு நீப்பா ஓலை அத்தாப்பு வேய்ந்த தற்காலிகக் குடிசையே. மரம் சாய்க்கும் ஒப்பந்தத்தைப் பெரும்பாலும் மலாய்க்காரரும் சீனரும் சாவகரும் ஏற்றனர். எரிந்து கரிந்த நிலத்தில் குழி வெட்டவும் கன்று நடவும் களை பிடுங்கவும் கங்காணியின் பின்னே சென்ற தமிழ்க் குடும்பங்கள், வெட்டவெளிக்கும் வெட்டப்படாத பெருவனத்துக்கும் இடைப்பட்ட அந்த எல்லையிலேயே இராப்பொழுதைக் கழித்தன.

அங்கே அவர்கள் அஞ்சியது புலிக்கும் பாம்புக்கும். அதற்காக விடியும்வரை தீ வளர்த்தார்கள், தகரம் தட்டினார்கள், காட்டின் விளிம்பில் ஒரு கல்லை நட்டு முனீஸ்வரனாகப் பிரதிஷ்டை செய்து விளக்கேற்றினார்கள். ஆனால் குடும்பங்களைக் கொண்டுபோனது மலேரியா எனும் குளிர்காய்ச்சல். அந்தி வேளையில் தேங்காய்மட்டைப் புகை போட்டவர்கள்கூட, கொசுவைத் தொல்லையென்று அறிந்தார்களேயன்றிக் கூற்றுவனென்று அறியவில்லை.

மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் ரொனால்ட் ராஸ் கண்டது 1897இல், நம் நாட்டுச் செகந்திராபாத்தில். அவ்வறிவைக் கிள்ளான் வட்டாரத்துக்குக் கொணர்ந்தவர் 1901இல் அங்கே அரசாங்க வைத்தியராக வந்த மால்கம் வாட்சன். அவர் தோட்டந்தோறும் சென்று, லயம் எனப்படும் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளின் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வயிற்றைத் தடவி, எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறதென்று எண்ணினார். பெரியவர்கள் இன்று வருவார்கள், நாளை போவார்கள்; அங்கேயே வளரும் பிள்ளையின் வயிறோ அந்த இடத்தின் சுபாவத்தை மறைக்காது சொல்லிவிடும். காட்டையும் ஓடைப்பள்ளத்தையும் அடுத்திருந்த லயங்களில் அந்த வீக்கம் மிகுந்தும், அவற்றைவிட்டு விலக விலகக் குறைந்தும் காணப்பட்டது.

இதிலே அதிசயமானது யாதெனில், ஒரே காரியம் ஓரிடத்தில் மருந்தாகவும் மற்றோரிடத்தில் நஞ்சாகவும் முடிந்ததுதான். கோலசிலாங்கூர்ச் சமவெளியில், மரநிழல் மூடிய சதுப்புநீரில் பிறக்கும் அனோபிலிஸ் அம்ப்ரோசஸ் என்னும் கொசு, காடு வெட்டி வடிகால் தோண்டிய மாத்திரத்தில் மறைந்தது. அந்த வெற்றியை நம்பி உள்நாட்டுக் குன்றுகளிலும் அவ்வாறே செய்தபோது, வெயில் படாதிருந்த தெளிந்த ஓடைகள் திறந்துகொள்ள, சூரிய ஒளி விழும் ஓடுநீரையே விரும்பும் மாகுலேட்டஸ் என்ற வேறொரு கொசு பெருகி, காய்ச்சல் முன்னிலும் உக்கிரமாயிற்று. ஆகவே குன்றுகளில் ஓடைநீரை மண்ணுக்கடியில் குழாய்வழி செலுத்தவும், பிற்பாடு எண்ணெய் தெளிக்கவும் நேர்ந்தது. கடலோரத்து உவர்நீரிலோ சுண்டைக்கஸ் என்ற மூன்றாவது இனம் குடிகொண்டிருந்தது. எந்த நீரருகே படுக்கிறோம் என்பதை அறியாதவன் எவ்வளவு எச்சரிக்கையாயிருந்தும் பயனில்லை.

விடியற்காலைப் பெரட்டில் ஆள்கணக்கு எடுக்கும்போதே, காய்ச்சல் மருந்தான கொயினாவைக் கண்முன் விழுங்கவைக்கும் வழக்கமும் வந்தது. 1911இல் மலேரியா ஆலோசனைச் சபை நிறுவப்பட்டது. மலேரியாத் தடுப்பைப் பற்றிய வாட்சனின் நூல் வெளியானதும் அவ்வாண்டே. இவ்வட்டாரத்தில், பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரரான ஹென்றி போக்கோனியே 1917இல் எண்ணெய்ப்பனையை வணிகப் பயிராக முதன்முதல் நட்டதை நூல்கள் மறவாது குறிக்கின்றன. இவ்வட்டாரத்தை மனிதர் உறங்கத்தக்கதாக்கிய வடிகால்களைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை என்பது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது. இடத்தைத் தேர்ந்தவர் துரை. அதன் பிழைக்குத் தன் பிள்ளைகளை ஈடு வைத்தவன் தொழிலாளி.

ஜப்பானியர் ஆட்சியில் இவ்வளவும் ஒரேயடியாகப் பறிபோயிற்று. 1942–43இல் சயாம்–பர்மா ரயில்பாதை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் பேரில் மிகுதியானோர் தமிழர். சிலாங்கூர்த் தோட்டங்களும் ஆள் ஈந்தன. மழை ஒழுகும் மூங்கில் குடிசைகளில், ஆற்றோரச் சேற்றில், அவர்கள் கிடத்தப்பட்டனர். அதே காட்டில் உழன்ற வெள்ளைக்காரப் போர்க்கைதிகளிடையே, அவர்களுடைய இராணுவ வைத்தியர்கள் கையில் மருந்தின்றியும், கொதித்த நீரையே குடிக்கவும் உண்ணும் தட்டைக் கொதிநீரில் முக்கியெடுக்கவும் விதித்து, அதைக் கண்டிப்பாக நடத்திவைத்தார்கள். தமிழர் குடிசைகளில் பெரும்பாலானவற்றில் அப்படி விதிப்பதற்கு ஒருவரும் இல்லை. 1943இன் மழைக்காலத்தில் காலரா பரவியபோது, கைதிகளைக் காட்டிலும் பெருந்தொகையாய் மடிந்தவர்கள் இவர்களே.

போர் ஓய்ந்தபின், உயிர் மிஞ்சியவர்கள் தத்தம் தோட்டங்களுக்குத் திரும்பினார்கள். மூன்றரை ஆண்டுகளாகக் கவனிப்பாரற்றுத் தூர்ந்த வடிகால்களில் புல் மண்டிக் கிடந்தது. ஓடைகளில் எண்ணெய் தெளிப்பவர் இல்லை. லயத்துப் பிள்ளைகளின் வயிற்றிலே மண்ணீரல் மறுபடியும் கனத்திருந்தது.